பாலாகி, தெளிந்து, மறுபடி பாலாகி: சுண்ணாம்புத் தெளிவில் மீள் வினை பார்க்க ஒரு வழிகாட்டி

சுண்ணாம்புத் தெளிவில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால் போல வெளுக்கும், விடாமல் ஊதினால் மறுபடி தெளிந்துவிடும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதல் பாதி சில வினாடிகளில் நடந்துவிடும். இரண்டாம் பாதிக்காகத் தலை சுற்றும்வரை ஊதினாலும் வெள்ளை அசையாது. பலரும் அந்த இடத்தோடு கைவிட்டுவிடுகிறார்கள். தப்பு ஊதுகிறவர் மேல் இல்லை. கரைய முடிந்த மட்டும் சுண்ணாம்பு கரைந்த தெளிவை, மனித மூச்சால் தெளிய வைக்கவே முடியாது. எவ்வளவு நீர்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், அதே வெள்ளையை வரவழைத்து, அனுப்பி, மறுபடி வரவழைக்கலாம். மீள் வினையை, அதாவது முன்னும் பின்னும் நடக்கும் வினையை, கண்ணால் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

கார்பன் டை ஆக்சைடு, கரியமில வாயு, இலங்கைப் பாடநூல்களில் வரும் காபனீரொட்சைட்டு எல்லாம் ஒன்றுதான். இனி வெறும் வாயு என்றாலும் இதையே சொல்கிறோம்.

வாங்க வேண்டியவை

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு, வெள்ளை நிறத்தில், ஒரு சின்ன டப்பா. ரோஸ் நிறமும் வாசனையும் சேர்த்தது வேண்டாம். வாங்கியதும் மிளகளவு எடுத்து ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் அது காற்றிலிருந்து வாயுவை இழுத்து ஏற்கெனவே சுண்ணக்கல்லாக மாறிவிட்ட பழைய சரக்கு, உதவாது. நுரைக்காமல் கரைந்தால் நல்ல சரக்கு. சுட்ட சுண்ணாம்புக் கட்டியை வாங்கி வீட்டில் நீற்ற வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். போர் தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். அதில் சுண்ணாம்பைப் போட்ட உடனே, யாரும் ஊதாமலே, கலங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று விற்பதே போதும், ஆனால் அதே கடையில் பக்கத்திலேயே பேட்டரி ஆசிட்டும் இருக்கும் என்பதால் லேபிளைப் படித்து வாங்கவும். கிடைக்காவிட்டால் ஆர்.ஓ. தண்ணீரை 5 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியே ஆறவைத்துப் பயன்படுத்தலாம்.

இவற்றோடு ஆப்பசோடா, வினிகர், மீன்தொட்டிக்குப் போடும் காற்றுக்குழாய் 1 மீட்டர், 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் நான்கு, கண்ணாடி டம்ளர்கள், கொதிக்க வைக்க ஒரு கண்ணாடிப் பாத்திரம் அல்லது உட்புறம் கறுப்பான பாத்திரம், ஒரு கறுப்புத் தாள். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் தாள் இல்லாவிட்டால் லேசான கலங்கல் கண்ணுக்கே தெரியாது.

கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்புத் தெளிவின் பி.எச். (அமில, கார அளவு; 7 நடுநிலை) 12-க்கு மேல், அதாவது கடுங்காரம். சுண்ணாம்புப் பசை கண்ணில் தெறித்துப் பார்வை போன குழந்தைகள் உண்டு. டப்பாவையோ பாக்கெட்டையோ பிள்ளைகள் கையில் கொடுத்துப் பிதுக்கச் சொல்லாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

தெளிவு இறக்குதல்

1 லிட்டர் தண்ணீருக்கு 2 தேக்கரண்டி சுண்ணாம்புப் பசை. அறை வெப்பத்தில் லிட்டருக்கு 1.6 கிராம் அளவுதான் கரையும், மீதி அடியில் தங்கும். தங்கட்டும், அடியில் வண்டல் இருந்தால்தான் மேலே இருப்பது கரையும் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வெந்நீரில் கலக்கினால் அதிகம் கரையுமே என்று தோன்றும். சுண்ணாம்பு சர்க்கரைக்கு நேர்மாறு: சூடு ஏற ஏறக் குறைவாகத்தான் கரையும். கொதிநீரில் பாதி கூடக் கரையாது.

பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, மூடி, 2 நிமிடம் நன்றாகக் குலுக்கி, ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். சாய்த்து ஊற்றினால் வண்டலும் சேர்ந்து வரும். காற்றுக்குழாயை மேல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, சிரிஞ்சால் உறிஞ்சி ஓட்டம் பிடித்து, இன்னொரு பாட்டிலுக்கு இறக்குங்கள். வாயால் உறிஞ்சக் கூடாது. அந்தப் பாட்டிலையும் கழுத்துவரை நிரப்பி இறுக மூடிவிட வேண்டும். திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் மேலே மெல்லிய ஏடு படியும். காற்றில் இருக்கும் வாயு 0.04 விழுக்காட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதற்கே ஏடு கட்டிவிடுகிறது என்றால் இந்தத் தெளிவு எவ்வளவு பசியோடு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குறுக்கு வழி: சோடா

முதன்முறை செய்கிறவர்கள் இதில் ஆரம்பிப்பது நல்லது. ஊத வேண்டாம், குழாய் வேண்டாம்.

பெரிய கண்ணாடி டம்ளரில் 50 மி.லி. சுண்ணாம்புத் தெளிவு. நன்றாகக் குளிர்ந்த சாதா சோடா ஒரு பாட்டில், அப்போதுதான் திறந்தது. ஒரு தேக்கரண்டி சோடாவை மெதுவாகச் சேர்த்துக் கலக்குங்கள். கரண்டி பட்ட இடத்தில் வெள்ளைப் புகை போல எழுந்து டம்ளர் முழுக்கப் பரவும். இரண்டு மூன்று தேக்கரண்டியில் பின்னாலிருக்கும் கறுப்புத் தாளே தெரியாத அளவுக்குப் பாலாகிவிடும். நடந்தது இது:

கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்

கால்சியம் கார்பனேட்தான் சுண்ணக்கல், கிளிஞ்சல், முட்டை ஓடு எல்லாம். லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் நீரில் கரையும், அதனால் வெள்ளைத் துகளாக வெளியே வந்துவிடுகிறது.

இங்கே நிறுத்தி வேடிக்கை பார்க்காமல், உடனே மீதி சோடாவை ஊற்றிக்கொண்டே போங்கள். மொத்தம் 200 மி.லி. வரை போகலாம். வழியில் ஓரிடத்தில் பால் மோராகும், மோர் நீர்மோராகும், ஒரு நிமிடம் கலக்கியபின் கறுப்புத் தாள் பளிச்சென்று தெரியும்.

கால்சியம் கார்பனேட் + கார்பன் டை ஆக்சைடு + நீர் ⇌ கால்சியம் பைகார்பனேட்

கால்சியம் பைகார்பனேட் நீரில் கரைந்தே இருக்கும், அதனால்தான் வெள்ளை மறைகிறது. இந்த இரட்டை அம்புக்குறிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். முதல் சமன்பாட்டில் ஒற்றை அம்பு, காரணம் டம்ளருக்குள் அது பின்னோக்கி வராது. சுண்ணக்கல்லிலிருந்து சுண்ணாம்பை மீட்க வேண்டுமானால் காளவாயில் வைத்து 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட வேண்டும். 100 கிலோ சுத்தமான சுண்ணக்கல்லைச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய் 56 கிலோதான் மிஞ்சும்.

தெளியவில்லையா? சோடா ஏற்கெனவே வாயு இறங்கிப் போயிருக்கலாம், அல்லது அறைச் சூட்டில் இருந்திருக்கலாம். குளிர்ந்த நீர்தான் வாயுவைப் பிடித்து வைக்கும்: 25 டிகிரியில் கரைவதைப் போல இருமடங்குக்கு மேல் 0 டிகிரியில் கரையும். லேபிளையும் படியுங்கள். உப்புகளும் பாஸ்பேட்டும் சேர்த்த சோடா வகைகள் இதற்கு ஒத்துவராது, அவை கால்சியத்தோடு வேறு வெள்ளைகளை உண்டாக்கும். இன்னொரு காரணம் பொறுமை. பாலான நிலையிலேயே அரைநாள் விட்டுவிட்டால் துகள்கள் பெருத்து அடியில் படியும், பெருத்த படிகம் அவ்வளவு சீக்கிரம் கரையாது. புதிதாகப் பிறந்த துகளை அப்போதே துரத்த வேண்டும்.

ஊதித் தெளிய வைக்க: எவ்வளவு நீர்க்க வேண்டும்

கணக்கு இதுதான். முழு வீரியத் தெளிவில் லிட்டருக்கு 1.6 கிராம் சுண்ணாம்பு. அது முழுவதும் சுண்ணக்கல்லானால் சுமார் 2.2 கிராம். சாதாரண காற்றழுத்தத்தில் சுத்தமான கார்பன் டை ஆக்சைடை எவ்வளவு குமிழவிட்டாலும் லிட்டர் தண்ணீர் கரைத்துவைக்கும் சுண்ணக்கல் 0.9 கிராம் அளவுதான். வெளிவிடும் மூச்சில் வாயு 4 விழுக்காடு. வாயு 25 மடங்கு குறைந்தால் கரைதிறன் 25 மடங்கு குறைவதில்லை, கன மூலக் கணக்கில் 3 மடங்கு குறையும், அதாவது லிட்டருக்கு 0.3 கிராம். இப்போது பாருங்கள்: 2.2 கிராமை 0.3 கிராமுக்குள் அடக்கச் சொல்லி மாணவரை ஊதச் சொல்கிறோம்.

ஆகவே:

மூச்சால் ஊதுவதானால் தெளிவு 1 பங்கு, டிஸ்டில்டு வாட்டர் 9 பங்கு.
பாட்டிலில் தயாரித்த சுத்த வாயுவுக்கு 1 பங்குக்கு 3 பங்கு.

பத்திலொரு பங்காக நீர்த்தால் பால் அவ்வளவு கெட்டியாக இருக்காது, புகைமூட்டம் மாதிரிதான் வரும். பரவாயில்லை, தாளுக்கு முன் வைத்தால் தெரியும். 50 மி.லி. எடுத்து, டம்ளரை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, மெதுவாகச் சின்னச் சின்னக் குமிழாக ஊதுங்கள். வேகமாக ஊதினால் வாயு கரையாமலே மேலே ஓடிவிடும், தலையும் சுற்றும். மூச்சுக்கு மூச்சு ஓய்வு விட்டுச் செய்யுங்கள், பல நிமிடங்கள் பிடிக்கும். ஸ்ட்ராவின் மேல் பகுதியில் ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டால், மறந்துபோய் உறிஞ்சினாலும் காற்றுதான் வாய்க்கு வரும், சுண்ணாம்பு வராது.

1750-களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்ற வேதியியலாளர் இதே சுண்ணாம்புத் தெளிவை வைத்துத்தான், சுண்ணக்கல்லில் அடைந்து கிடக்கும் வாயுவும் நம் மூச்சில் வெளியேறும் வாயுவும் ஒன்றே என்று காட்டினார். கருவி மாறவே இல்லை.

வாயு பாட்டில்

பாட்டில் மூடியில் சூடான ஆணியால் துளையிட்டு, காற்றுக்குழாயை நுழைத்து, எம்-சீல் வைத்து அடையுங்கள். உள்ளே 100 மி.லி. வினிகர். 5 கிராம் ஆப்பசோடாவை, அதாவது ஒரு தலைதட்டிய தேக்கரண்டியை, டிஷ்யூ பேப்பரில் பொட்டலம் கட்டி உள்ளே போட்டு உடனே மூடுங்கள். பேப்பர் நனைந்து பிரிய எடுக்கும் சில வினாடிதான் உங்களுக்கு அவகாசம். 4 விழுக்காடு வினிகர் என்றால் 90 மி.லி.யே 5 கிராமைத் தின்றுவிடும், சுமார் 1.4 லிட்டர் வாயு வரும். குழாய் எங்கும் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயு வெளியேற வழியில்லாமல் மூடிய பாட்டில் வெடிக்கும்.

குழாயை நேரே சுண்ணாம்புத் தெளிவுக்குள் விட்டால் வினிகர் நுரையும் சேர்ந்து போய்விடும். அசிட்டிக் அமிலம் சுண்ணாம்பைத் தின்று கரைசலாக்கிவிடும், பாலே வராது. வந்தாலும், தெளிந்தது வாயுவாலா வினிகராலா என்று சொல்ல முடியாது. அதனால் நடுவே ஒரு கழுவு பாட்டில்: பாதி தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா. வாயு உள்ளே வரும் குழாய் தண்ணீருக்குள் மூழ்க வேண்டும், வெளியே போகும் குழாய் மூடிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட வேண்டும். இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் வாயுவுக்குப் பதில் கழுவு நீர் முழுவதும் டம்ளருக்குள் வந்து கொட்டும். எல்லாரும் ஒரு தடவையாவது செய்யும் தப்பு இது.

முதலில் வரும் குமிழ்கள் பாட்டிலுக்குள் இருந்த காற்று. அவற்றால் ஒன்றும் நடக்காதது கண்டு கலங்க வேண்டாம். பால் வந்தபின் தெளிய ஒரு பொட்டலம் போதாமல் போகலாம், இரண்டாவதைத் தயாராக வைத்திருங்கள். குமிழ் ஓயும் முன்பே குழாயை டம்ளரிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தெளிவு பின்னோக்கி உறிஞ்சப்படும்.

திரும்பி வருதல்

தெளிந்த கரைசலைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வையுங்கள். முதலில் ஓரங்களில் சிறு குமிழ்கள், அவை கொதிக்கும் குமிழ்கள் அல்ல, கரைந்திருந்த வாயு. கொதி வருவதற்குள்ளேயே லேசாக மங்கும். 5 நிமிடம் கொதித்தால் வெள்ளை துலக்கமாகத் திரும்பி வந்திருக்கும், பாத்திரச் சுவரில் மணல் போல ஒட்டியும் இருக்கும். சோடா முறையில் எடுத்த 50 மி.லி. தெளிவிலிருந்து அதிகபட்சம் 110 மில்லிகிராம்தான் வரும், ஆகவே மூட்டையாக எதிர்பார்க்காதீர்கள்.

வெந்நீர் போடும் கெட்டிலிலும் கீஸர் கம்பியிலும் படியும் வெள்ளை ஓடு பெரும்பாலும் இதேதான். அடுப்பு வேண்டாம் என்றால் கரைசலை அகலமான தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வையுங்கள். வாயு தானாக வெளியேறி, சில நாளில் தட்டில் படிகப் படலம் பிடிக்கும். ஆந்திராவின் போரா குகைகளில் கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகளும் இப்படித்தான்: மண்ணுக்குள் வாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணக்கல்லைக் கரைத்த நீர், குகைக்குள் சொட்டும்போது வாயுவை விட்டுவிடுகிறது.

இங்கே ஒரு குழப்பம் வரும். கொதிக்க வைத்ததும் பழைய சுண்ணாம்புத் தெளிவு திரும்பிவிட்டது என்று நினைக்கிறார்கள். இல்லை. திரும்பியது சுண்ணக்கல் மட்டும். நம்பாவிட்டால், ஆறவைத்து, வெள்ளை அடியில் படிந்தபின் மேல் நீரை வடித்து அதில் ஊதிப் பாருங்கள். பால் வராது. ஒரு படிதான் பின்னே வந்திருக்கிறோம், இரண்டு படி அல்ல.

எந்தத் திசையில் போவது என்பதை அளவுதான் முடிவு செய்கிறது. இரட்டை அம்புச் சமன்பாட்டில், வாயுவைத் திணித்தால் வலப்பக்கம், வெளியேற்றினால் இடப்பக்கம். வினைகள் இப்படித் திரும்பும் என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தோலே கண்டுகொண்டதும் ஒரு கார்பனேட் விஷயத்தில்தான். 1798-ல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனவர், அங்கே நேட்ரான் ஏரிக்கரைகளில் சோடியம் கார்பனேட் படிந்து கிடப்பதைப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் சோடியம் கார்பனேட்டையும் கால்சியம் குளோரைடையும் கலந்தால் சுண்ணக்கல்லும் உப்பும்தான் கிடைக்கும். ஏரிக்கரையில் உப்பும் சுண்ணக்கல்லும் மலைமலையாகக் கிடந்ததால் அதே வினை தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. சமநிலையைக் குலைத்தால் அந்தக் குலைவைக் குறைக்கும் பக்கம் வினை நகரும் என்று, தன் பெயரில் வழங்கும் விதியை லே ஷாட்லியே சொன்னது 1884-ல், முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து.

நிறத்தில் பார்க்க

மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் பி.எச். சோதனைத் துளிகள் பலவற்றில் இருப்பது புரோமோதைமால் நீலம். பி.எச். 6-க்குக் கீழே மஞ்சள், 7.6-க்கு மேலே நீலம், நடுவே பச்சை. 100 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் 10 துளி விடுங்கள். நீலத்துக்குப் பதில் மஞ்சளோ பச்சையோ வந்தால் பயப்பட வேண்டாம், அந்தத் தண்ணீர் காற்றிலிருந்து வாயுவை ஏற்கெனவே வாங்கியிருக்கிறது. நீலமாகும் வரை சுண்ணாம்புத் தெளிவைத் துளித்துளியாகச் சேர்த்து, ஆனதும் நிறுத்துங்கள். அரை மூடி ஊற்றிவிட்டால் பிறகு எவ்வளவு ஊதினாலும் நிறம் நகர மறுக்கும்.

ஊதினால் நீலம், பச்சை, மஞ்சள். 5 நிமிடம் கொதிக்கவிட்டு மூடி ஆறவைத்தால் மறுபடி நீலத்தை நோக்கித் திரும்பும். நீரில் கரைந்த வாயுவில் கார்பானிக் அமிலமாக மாறுவது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை, அந்தத் துளியே இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அழுத்தத்தைத் தனியாகப் பார்க்க ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்சு போதும். 5 மி.லி. சோடா உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, முனையை விரலால் அடைத்து, பிஸ்டனை இழுங்கள். சோடா பொங்கும். இழுத்தபடியே குலுக்கிவிட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்து மறுபடி குலுக்கினால் குமிழ்களில் ஒரு பகுதி திரும்பக் கரையும். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1872-ல் காப்புரிமை வாங்கிய பாட்டில்தான் நம் கோலி சோடா. அந்தக் கோலியைக் கழுத்தில் அழுத்திப் பிடித்திருப்பதும் இதே வாயுதான். கோலியை உள்ளே தட்டியதும் நுரை எழுவது, சிரிஞ்சை இழுத்ததும் எழுவதற்கு வேறல்ல.

மிச்சத்தை என்ன செய்வது

பாத்திரத்திலும் டம்ளரிலும் ஒட்டிய வெள்ளையைத் தேய்க்காதீர்கள், கீறல்தான் விழும். ஒரு மூடி வினிகர் ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். வேலை முடிந்த கரைசல்களை நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் விடலாம். முதல் பாட்டிலின் அடியிலிருக்கும் சுண்ணாம்பு வண்டலைக் கொட்ட வேண்டாம். 2 தேக்கரண்டிப் பசையில் ஒரு லிட்டருக்குப் போனது 1.6 கிராம்தான், இன்னும் இரண்டு தடவையாவது தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தெளிவு இறக்கலாம். பாட்டிலில் பெயரெழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பார்க்க அது வெறும் குடிதண்ணீர் போலவே இருக்கும்.